சாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களையும் மெயில்களையும் மீட்பது: முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் பழைய பெட்டிகள் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்குபவை. குமுளி, அணக்கரை, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்ட அலுவலகங்கள், ஏலக்காய் வியாபாரிகளின் வீடுகள். ஐப்பசியில் மாலை இடி தொடங்கிவிட்டால் மறுநாள் காலை கடை வாசலில் இரண்டு பெட்டியாவது நிற்கும். கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் போனா போகட்டும், உள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

பெரும்பாலும் எடுத்துவிடலாம். எடுக்க முடியாமல் போனவற்றைத் திரும்பிப் பார்த்தால், டிஸ்க் தானாகச் செத்ததைவிட, வருவதற்கு முன்பே யாரோ வரிசை தப்பிக் கை வைத்ததால் போனவைதான் அதிகம். அதனால் இதில் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதலில் அணைத்து வையுங்கள்

தேய்ந்து வரும் ஹார்ட் டிஸ்கில் இன்னும் சில மணி நேர வாசிப்புதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுவதும் நகலெடுக்க வேண்டும். "ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் அது அப்படியே கரைந்துவிடும். விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிக்கிறது, எழுதுகிறது. உங்கள் கணக்கும் புகைப்படமும் அதில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கட்டத்தில் செய்யவே கூடாதது செக்டிஸ்க், அதாவது விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி. டிஸ்கில் பிழை என்று விண்டோஸ் சொல்லும், சரிசெய்யட்டுமா என்று கேட்கும், நாமும் நல்லதுதானே என்று சரி கொடுத்துவிடுவோம். செக்டிஸ்க் பார்ப்பது ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதை. உங்கள் ஃபைல் பிழைக்கிறதா என்பது அதன் வேலை அல்ல. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டும். அறுந்து கிடக்கும் துண்டுகளை வேறு பெயரில் ஒரு மூலையில் குவிக்கும்.

தொழில் தொடங்கிய புதிதில் நானே அதைச் செய்திருக்கிறேன். ஓர் ஆசிரியை தன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். இறந்துபோன அவர் அப்பாவின் படங்கள் அதில் இருந்தன. இரவு செக்டிஸ்கை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் படங்கள் இருந்த ஃபோல்டர் காலி. வேறொரு ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகள் சில நூறு. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்கை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நகல் எடுக்காமல் எந்த டிஸ்கிலும் எதையும் "சரிசெய்தது" இல்லை.

மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவதும் இதே ரகத் தவறுதான். அழிந்துபோன ஃபைல் கிடந்த இடத்தின் மேலேயே மென்பொருள் போய் உட்கார்ந்துவிடும்.

மழையில் மலையிலிருந்து கொண்டு வந்த பெட்டியாக இருந்தால் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்த உலோகத்தில் நீர் பூக்கும். மூடியைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் டிஸ்க் ஓடும் என்று ஒரு யோசனை இன்னமும் சுற்றுகிறது. அதனால் வருவதும் இதே ஈரம்தான். கேட்காதீர்கள்.

2. கெட்டது டிஸ்கா, பெட்டியா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் பயந்துபோகிறவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று ஆகாது.

பட்டனை அழுத்தியும் எந்த அசைவும் இல்லை, மின்விசிறிகூடச் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும். இடி விழுந்த மறுநாள் வருபவை பல இப்படித்தான். பீப் பீப் என்று கத்தி, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மாட்டிப் பாருங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றால் போர்டு போய்விட்டது. இந்த மூன்றிலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் வேலை முடிந்தது. மூன்று, நான்காம் படிகளை முடித்துவிட்டு நேரே ஆறாம் படிக்குப் போய்விடலாம்.

தேதி 2009, 2010 என்று பின்னால் போய் நிற்கிறதா? போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எல்லா இணையதளத்தையும் பாதுகாப்பற்றது என்று சொல்லும், மெயிலும் உள்ளே விடாது. அதைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்டி ஃபார்மட் போட்டவர்களும் உண்டு. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

டிஸ்கே கெட்டிருந்தால் அடையாளம் வேறு. எழும்ப அரை மணி நேரம், ஒரு ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் உறைந்து நிற்பது, நகலெடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஃபைலில் வந்து சிக்குவது. காதை வைத்துக் கேளுங்கள். சீரான உறுமல் நல்லது. "டிக்... டிக்... டிக்..." என்று ஒரே இடைவெளியில் தட்டிவிட்டு அடங்கினால், உள்ளே ஊசி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப மோதுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடுங்கள். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல் கீறல் விழும். உள்ளே இருப்பது செலவுக்குத் தகுந்ததென்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னையிலும் கொச்சியிலும் இருக்கின்றன. நீங்கள் திருப்புளி எடுத்து டிஸ்கைத் திறக்கவே கூடாது. ஊசி தட்டுக்கு மேலே மிதக்கும் உயரத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசுகூடப் பெரியது.

3. என்ன வேண்டும் என்று தாளில் எழுதுங்கள்

எல்லாம் வேண்டும் என்பார்கள். எல்லாம் வேண்டும்தான், ஆனால் எது முதலில்? டிஸ்க் பாதியில் நின்றுவிட்டால் எது கையில் இருந்திருக்க வேண்டும்? வாடிக்கையாளரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இந்தப் பட்டியலை எழுதி வாங்குவேன். கம்ப்யூட்டரைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

கேரள எல்லைப் பக்கத்து வியாபாரிகளிடம் நான் முதலில் கேட்பது டேலி, அதாவது கணக்கு எழுதும் மென்பொருள். கம்பெனி ஒவ்வொன்றும் டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் 10000, 10001 என்பது போல எண்ணைப் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டராக இருக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மாநிலத்திலும் வியாபாரம் செய்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு இரண்டு. கேரளத்துடையது 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுடையது 33 என்று தொடங்கும். டேலியிலும் பெரும்பாலும் இரண்டு கம்பெனி வைத்திருப்பார்கள். ஒரு எண் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு, டேலி வந்துவிட்டது என்று டிஸ்கைத் தூக்கிப் போட்டால் மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு முழுவதும் போய்விடும். ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். அதனால் டேட்டா ஃபோல்டரை முழுசாக எடுங்கள்.

அடுத்து மெயில், பிறகு கடிதங்களும் பத்திர நகல்களும், பிறகு புகைப்படங்கள். பாட்டும் சினிமாவும் கடைசி. சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் பழைய தமிழ் எழுத்துருக்களும் யாருக்கும் நினைவுக்கு வராது, அவற்றையும் நீங்களே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஃபைலை டெஸ்க்டாப்பில் வைப்பவரா, டி டிரைவில் வைப்பவரா என்றும் கேளுங்கள். டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். டி டிரைவை மட்டும் எடுத்தால் அது வராது.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய டிஸ்கைவிடப் பெரிய, நல்ல நிலையில் உள்ள ஒரு வெளி டிஸ்க். பழையது 500 ஜிபி என்றால் 1 டிபி வாங்குங்கள். முழு டிஸ்கையும் ஒரே பிம்பமாக (டிஸ்கை அப்படியே ஒற்றை ஃபைலாக்கிய நகல்) எடுக்க வேண்டி வந்தால், அதில் பாதி காலியாக இருந்தாலும் பிம்பம் 500 ஜிபிதான் வரும். வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. பல வருட மெயில் சேர்ந்த அவுட்லுக் ஃபைல் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். புதியவர்கள் அதை டிஸ்க் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிஸ்கை வெளியிலிருந்து மாட்ட சாட்டா-யுஎஸ்பி அடாப்டர். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி கரண்டிலேயே ஓடும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், அதனால் தனி பவர் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். ரிப்பன் போல அகலமான 40 பின் கேபிள் கொண்ட டிஸ்க் ஐடிஇ வகை. அதற்கு வேறு அடாப்டர், டிஸ்கின் பின்பக்க ஜம்பரும் மாஸ்டர் நிலையில் இருக்க வேண்டும்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவ். நல்ல கம்ப்யூட்டரில் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு தயார் செய்யலாம். லினக்ஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஃபோல்டரைத் திறந்து இழுத்துப் போடத் தெரிந்தால் போதும்.

யூபிஎஸ். மழைக்காலத்தில் இது இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் நைந்த டிஸ்குக்கு விழும் கடைசி அடி.

சமீபத்திய லேப்டாப் என்றால் டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அந்த லேப்டாப்பில் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்கைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்து எழுதி வையுங்கள்.

5. விண்டோஸ் இன்னும் எழும்புகிறதென்றால்: ஒரே ஒரு முறை

விண்டோஸ் உயிரோடு இருக்கும்போது மட்டுமே எடுக்கக்கூடிய சில உண்டு. அதற்காக ஒரு முறை எழுப்பலாம். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு எழுப்புங்கள்.

நெட் கேபிளை முதலில் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். காரணம் இரண்டு. விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கினால் டிஸ்க் தாங்காது. அதைவிட முக்கியமானது மெயில். பழைய மெயில் செயலிகள் பல பாப்3 முறையில் அமைக்கப்பட்டவை. திறந்தவுடன் சர்வரில் உள்ள புது மெயில்களை இறக்கிவிட்டு சர்வரிலிருந்து அழித்துவிடும். பத்திரமாக வெளியே இருந்த மெயிலைச் சாகிற டிஸ்குக்குள் நாமே கொண்டு வந்து போட்டதாக ஆகிவிடும்.

பிறகு குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்து பென்டிரைவில் சேமியுங்கள். குரோம் அவற்றை அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டிப் பூட்டி வைத்திருப்பதால், ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வராது. ஏற்றுமதியான ஃபைலில் பாஸ்வேர்டுகள் அப்பட்டமாகத் தெரியும். புதிய கம்ப்யூட்டரில் சேர்த்த கையோடு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை, அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக எடுத்தால் பாஸ்வேர்டும் கூடவே வரும்.

மெயில் செயலியின் கணக்கு அமைப்புப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுங்கள். எந்த முகவரி, பாப்3-ஆ ஐமேப்-ஆ (மெயில் சர்வரிலேயே தங்கும் முறை), சர்வர் பெயர் என்ன. எட்டாம் படியில் இதுதான் வழிகாட்டும்.

கடைசியாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். நிறுவத் தேவையில்லாத பதிப்பு இருக்கிறது. அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் போதும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், சி5 என்பது படிக்கத் திணறி முடிவு தெரியாமல் நிற்கும் இடங்கள், சி6 என்பது திருத்த முடியாதவை. சி5 கூடிக்கொண்டே போனால் டிஸ்க் இப்போது செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பார்த்தாயிற்றா? அணையுங்கள். இனி இந்த விண்டோஸ் வேண்டாம்.

6. டிஸ்கை வெளியிலிருந்து படித்தல்

டிஸ்கைக் கழற்றி, அடாப்டர் வழியாக நல்ல கம்ப்யூட்டரில் மாட்டுவது ஒரு வழி. பழைய பெட்டியையே லினக்ஸ் பென்டிரைவால் எழுப்புவது இன்னொரு வழி. முதல் வழியைத்தான் நான் விரும்புவேன். பழைய எஸ்எம்பிஎஸ், பழைய ராம், பழைய கேபிள் என்று நம்ப முடியாதவை எல்லாம் ஒரே அடியில் வழியிலிருந்து விலகிவிடும்.

நல்ல கம்ப்யூட்டரையும் லினக்ஸ் பென்டிரைவால் எழுப்புங்கள். முழுதாக எழும்பிய பிறகு பழைய டிஸ்கை மாட்டுங்கள். விண்டோஸில் மாட்டினால் மூன்று கேள்விகள் வரும், மூன்றும் ஆபத்து. "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம்" என்று கேட்கும், கேன்சல். "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்கும், வேண்டாம். பழைய யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் "அனுமதி இல்லை, தொடரவா" என்று கேட்கும். இந்த மூன்றாவதுதான் பலரைச் சாய்க்கிறது. தொடரவும் என்று கொடுத்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் அனுமதியையும் விண்டோஸ் மாற்றி எழுதத் தொடங்கும். அத்தனையும் அந்த நைந்த டிஸ்கின் மேலே.

லினக்ஸ் இந்த அனுமதிகளைப் பொருட்படுத்தாமல் படித்துக் கொடுத்துவிடும். விண்டோஸ் சரியாக அணையாமல் விட்ட டிஸ்க் என்றால் படிக்க மட்டும் திறக்கிறேன், எழுத முடியாது என்று சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

வேறு வழியில்லாமல் விண்டோஸிலிருந்தே எடுப்பதானால் இழுத்துப் போடாதீர்கள், விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். படிக்க முடியாத ஃபைலை அது இயல்பில் 10 லட்சம் முறை, 30 விநாடி இடைவெளியில் முயலும். மறுமுயற்சியை 1 என்றும் காத்திருப்பை 1 விநாடி என்றும் குறைத்துக் கொடுங்கள். ஜங்ஷன்களை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்புகள்) தவிர்க்கும் விருப்பத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் பயனர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் தன்னைத் தானே சுட்டும் ஃபோல்டரில் சுற்றிக்கொண்டே கிடக்கும்.

7. நகலெடுக்கும் வரிசை

டிஸ்க் ஓரளவு வேகமாகப் படிக்கிறதென்றால் தாளில் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே எடுங்கள். டேலியும் மெயிலும் கடிதமும் சேர்ந்து பெரும்பாலும் சில ஜிபிதான் வரும். அவை பத்திரமான பிறகு படங்கள். ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள், ஒரேயடியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்தால் நடுவில் ஒன்று சிக்கும்போது எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. ஒரு ஃபைலில் சிக்கி இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதன் பெயரை மட்டும் எழுதி வையுங்கள். சிக்கிய ஃபைலோடு மல்லுக்கட்டுவதில்தான் மீதி எல்லாம் போகிறது.

ஃபோல்டரைத் திறக்கவே திணறுகிறதா? அப்போது ஃபைல் ஃபைலாக எடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஊசி தட்டின் குறுக்கும் நெடுக்கும் ஓட வேண்டியிருக்கும். டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் கருவியால் முழு டிஸ்கையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே பிம்பமாக எடுக்க வேண்டும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue) என்ற பெயரில் கிடைக்கும். முதல் ஓட்டத்தில் மைனஸ் என் (-n) என்ற விருப்பம் கொடுங்கள். எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வாரிக்கொண்டு, கடினமான இடங்களைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது ஓட்டத்தில் மைனஸ் ஆர் 3 (-r3) கொடுத்தால் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து மூன்று முறை முயலும். டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே வந்திருக்கும் என்பதுதான் இதன் அருமை.

இதில் நான் பார்த்த தவறுகள் இரண்டு. ஒன்று, எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்பதை மாற்றிக் கொடுப்பது. காலி டிஸ்கைக் கொண்டு நிறைந்த டிஸ்கை அழித்துவிடும், திரும்பாது. எல்எஸ்பிஎல்கே (lsblk) என்ற கட்டளையை ஓட்டி, டிஸ்கின் கொள்ளளவைப் பார்த்து, பெயரைத் தாளில் எழுதி, அதன் பிறகு என்டர் தட்டுங்கள். இரண்டு, மேப் ஃபைலை லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைப்பது. எது வந்தது, எது பாக்கி என்ற கணக்கு அந்த மேப் ஃபைலில்தான் இருக்கிறது. பென்டிரைவிலிருந்து எழுப்பிய லினக்ஸின் ஹோம் என்பது வெறும் ராம், கரண்ட் போனால் அதுவும் போகும். பிம்பமும் மேப்பும் வெளி டிஸ்கிலேயே இருக்கட்டும். அப்போது எத்தனை முறை நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நேரம் ஆகும். யுஎஸ்பி 2 வழியாக, விநாடிக்கு 30 எம்பி வேகத்தில், நல்ல நிலையில் உள்ள 500 ஜிபி டிஸ்குக்கே நாலரை மணி நேரத்துக்கு மேல். கெட்ட டிஸ்க் இரவு பகல் ஓடும். அடியில் காற்றோட்டம் விட்டு, பக்கத்தில் மின்விசிறி வைத்து, ஆடாத மேசையில் வையுங்கள். பிம்பம் கிடைத்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, பிம்பத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, வேண்டிய ஃபோல்டர்களை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

8. மெயில்: எது எங்கே இருக்கிறது

போன மழைக்காலத்தில் வண்டன்மேட்டுப் பக்கத் தோட்டம் ஒன்றின் கணக்கர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியைக் காய்ச் சாக்கில் சுற்றி, ஜீப்பில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்திருந்தார். டேலி வந்துவிட்டது. மெயிலும் எடுக்கணுமே என்றேன். "மெயில்னா நெட்ல தானே தம்பி இருக்கும், அது எங்க போகப் போகுது?" என்றார். "ஐயா, உங்க பழைய முகவரி எது?" என்று கேட்டேன். நெட் இணைப்போடு அந்தக் காலத்தில் கொடுத்த முகவரி. இணைப்பை மாற்றிச் சில வருடம் ஆகிவிட்டது, முகவரியும் அதோடு போயிற்று. வாங்குபவர்களுடன் நடந்த பத்து வருடப் பேச்சுவார்த்தை, விலை ஒப்புக்கொண்ட கடிதங்கள் எல்லாம் உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தன.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்த மெயில் சர்வரில் இருக்கிறதா, இங்கே மட்டும் இருக்கிறதா? ஐமேப் கணக்கு, இன்னமும் உள்ளே போக முடிகிறது என்றால் புதிய கம்ப்யூட்டரில் கணக்கைச் சேர்த்தாலே எல்லாம் வந்துவிடும். பாப்3 என்றாலோ முகவரி மூடப்பட்டிருந்தாலோ டிஸ்கில் இருப்பதுதான் இருப்பு. செல்போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ அதே முகவரியைத் திறந்து பத்து வருடம் முந்தைய மெயில் தெரிகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

மெயில் ஃபோல்டர்கள் மறைத்து வைக்கப்பட்டவை. லினக்ஸில் அவை நேராகத் தெரியும், விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் விருப்பத்தை இயக்க வேண்டும். மை டாகுமெண்ட்ஸை எடுத்துவிட்டு மெயிலும் வந்திருக்கும் என்று நம்புவதுதான் இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ். சி டிரைவ், டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், பயனர் பெயர், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, ஐடென்டிடீஸ், அதற்குள் நீண்ட எண்ணெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இன்பாக்ஸ், சென்ட் ஐடம்ஸ் என்று ஒவ்வொன்றும் டிபிஎக்ஸ் வகை ஃபைலாக இருக்கும். முழு ஃபோல்டரையும் எடுங்கள். முகவரிப் புத்தகம் இங்கே இல்லை. அது அப்ளிகேஷன் டேட்டாவில், மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் அட்ரஸ் புக் என்ற தனி ஃபோல்டரில் டபிள்யூஏபி வகையில் இருக்கும். கணக்கரின் பெட்டியில் இருந்தது இந்த வகைதான். டிபிஎக்ஸ் ஃபைல்களை அன்டிபிஎக்ஸ் என்ற கருவியால் தனித்தனி இஎம்எல் ஃபைல்களாகப் பிரித்து, தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் செயலியில் சேர்த்துக் கொடுத்தேன். 2008-ஆம் வருடத்து முதல் மெயிலைத் திரையில் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

அவுட்லுக். இதில் பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று இரண்டு வகை. பிஎஸ்டி முழுமையான பெட்டகம், நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரின் அவுட்லுக்கிலும் திறக்கலாம். 2007 வரையிலான பதிப்புகளில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்ற இடத்தில் இருக்கும். 2010 முதல் டாகுமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில். ஆனால் தங்கள் வசதிக்கு டி டிரைவில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு, அதனால் டிஸ்க் முழுவதும் பிஎஸ்டி என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள். ஆர்க்கைவ் என்ற பெயரில் இன்னொன்று கிடக்கும். பழைய மெயில்கள் அதில்தான் இருக்கும். பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

ஓஎஸ்டி சர்வரின் நிழல். வேறு அவுட்லுக்கில் நேராகத் திறக்காது. சர்வர் கணக்கு உயிரோடு இருந்தால் கவலை இல்லை. கணக்கு போய்விட்டிருந்தால், விண்டோஸ் எழும்பும் அந்த ஒரே முறையில், நெட் இல்லாமல் அவுட்லுக்கைத் திறந்து, பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்து, வெளி டிஸ்கில் சேமிக்க வேண்டும். இது ஒன்றுக்காக ஐந்தாம் படியை நீட்டிக்கலாம்.

பிஎஸ்டியைப் பழைய டிஸ்கில் வைத்தே திறந்து பார்க்காதீர்கள். அவுட்லுக் திறக்கும்போதே அதற்குள் எழுதத் தொடங்கும். நகலைத்தான் திறக்க வேண்டும். நகல் திறக்க மறுத்தால் முதலில் ரீட் ஒன்லி குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், எடுத்துவிட்டால் பாதி நேரம் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்கேன்பிஎஸ்டி என்ற மைக்ரோசாஃப்ட் கருவி, அதுவும் நகலின் நகலில். சரிசெய்ய முடியாததை அது தூக்கி எறிந்துவிடும். அவுட்லுக் வாங்கவே இல்லை என்பவர்களுக்கு லினக்ஸில் ரீட்பிஎஸ்டி என்ற கருவி இருக்கிறது. தண்டர்பேர்ட் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும்.

விண்டோஸ் லைவ் மெயில் எளிது. ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட் வழியாகப் போனால் ஒவ்வொரு மெயிலும் தனி இஎம்எல் ஃபைலாகக் கிடக்கும். தண்டர்பேர்ட் அதைவிட எளிது. ஆப்டேட்டாவில் ரோமிங்குக்குள் இருக்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரை முழுசாக எடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் அதே இடத்தில் வைத்தால் மெயில், முகவரி, கணக்கு எல்லாம் அப்படியே எழும்பும். இரண்டிலும் "கம்பாக்ட் செய்யவா" என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்டர்பேர்டில் தவறி அழித்த மெயில்களின் எழுத்து அதுவரை ஃபைலுக்குள்ளேயே இருக்கும்.

9. எழுத்துருவை விட்டுவிடாதீர்கள்

யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டிய தமிழ்க் கடிதங்கள் பாமினி, வானவில் அவ்வையார், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். ஒன்றும் கெடவில்லை, எழுத்துரு மட்டும் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகப் பெட்டிகளில் மலையாளக் கடிதங்களும் இப்படித்தான், எம்எல்-டிடி கார்த்திகா போன்ற எழுத்துருவில்.

சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக எடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இதற்கு உண்டு. பத்திர எழுத்தர், டிடிபி கடை என்றால் இந்தப் படியை மூன்றாவதாக வைத்துக்கொள்வது நல்லது.

10. திறந்து பாருங்கள்

ஃபைல் பெயர் தெரிகிறது, அளவும் சரியாக இருக்கிறது என்பதற்காக உள்ளே சரக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கெட்ட டிஸ்கிலிருந்து வந்த படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும். டேலி ஃபோல்டர் முழுசாக இருக்கும், திறந்தால் கம்பெனி வராது. அதனால் உரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திறந்து காட்டுங்கள். டேலியில் இரண்டு கம்பெனியையும் திறந்து கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். மெயிலில் மிகப் பழையது ஒன்று, மிகப் புதியது ஒன்று, இணைப்போடு வந்தது ஒன்று. படங்களை ஃபோல்டருக்கு நாலைந்தாகத் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகு இரண்டாவது நகல் எடுத்து வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் ஒன்று, ஊரில் ஒன்று. இரண்டும் ஒரே மேசை டிராயரில் இருந்தால் ஒரு நகல் என்றுதான் கணக்கு.

11. பழைய டிஸ்கை என்ன செய்வது

உடனே அழிக்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, உலர்ந்த டப்பாவில் போட்டு, ஒரு வருடக் கணக்கு முடியும் வரையாவது வைத்திருங்கள். மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போதுதான் விட்டுப்போன ஃபோல்டர் நினைவுக்கு வரும். ஏழாம் படியில் பெயர் எழுதி வைத்த சிக்கிய ஃபைல்களை மறுபடி முயலவும் அது வேண்டும்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பழைய டிஸ்க் சும்மாதானே கிடக்கிறது என்று ஸ்டோரில் உள்ள சிசிடிவி பெட்டிக்குள் மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் அது ஃபார்மட் செய்யச் சொல்லும், செய்த பிறகு இரவு பகலாக அதன் மேலே எழுதிக்கொண்டே இருக்கும். டப்பாவில் ஒட்டும் சீட்டில் பெயருக்குக் கீழே "கேமராவுக்குப் போடக் கூடாது" என்றும் நான் எழுதி அனுப்புகிறேன்.